முன்னால் நிற்கும் பூஜ்யம்: எண்ணா, பெயரா?

கொரோனா ஊரடங்குக்குப் பிறகு 2020-இல் ரயில்கள் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, சென்னை எழும்பூர்–மதுரை பாண்டியன் எக்ஸ்பிரஸ் தன் வழக்கமான 12637 என்ற எண்ணில் ஓடவில்லை. 02637 என்ற எண்ணில் ஓடியது. சிறப்பு ரயில் என்றால் எண்ணின் முதல் இலக்கம் 0 என்பது இந்திய ரயில்வேயின் ஏற்பாடு. அப்போது ஓடிய விரைவு ரயில்கள் ஏறக்குறைய எல்லாமே சிறப்பு ரயில்களாக அறிவிக்கப்பட்டிருந்ததால், பயணிகள் பூஜ்யத்தில் தொடங்கும் எண்களை வைத்தே டிக்கெட் எடுத்தார்கள். 2021 நவம்பரில்தான் பழைய எண்கள் திரும்பின.

இந்த 02637-ஐ ஒரு நிரலாளர் தன் தரவுத்தளத்தில் முழு எண் வகையில் சேமிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினி எந்தப் பிழையும் காட்டாது. 2637 என்று எழுதிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். ஆனால் 2637 என்பது ஓர் இலக்கம் குறைந்த எண் மட்டுமல்ல. 2010 டிசம்பரில் ரயில் எண்கள் ஐந்து இலக்கமாக மாறும்வரை, நான்கு இலக்கக் காலத்தில், இதே பாண்டியனின் எண் அதுதான். முன்னால் இருந்த பூஜ்யம் உதிர்ந்தவுடன் கொரோனா காலத்துப் பயணம் ஒன்று பத்தாண்டு பழைய பதிவுகளோடு போய் ஒட்டிக்கொள்கிறது. அதைப் பிரித்தெடுக்க, பதிவின் தேதியைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

ஓர் எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் சேர்த்து அதை ஐந்து இலக்கமாகக் காட்டுவது எப்படி? நிரல் எழுதப் பழகுகிற எல்லோரும் ஒரு கட்டத்தில் இதைத் தேடியிருப்பார்கள். விடை எல்லா நிரல்மொழிகளிலும் ஒரே வரிதான். அந்த வரியை எழுதுமுன் இன்னொன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே என் வாதம்: கையில் இருப்பது அளவைச் சொல்லும் எண்ணா, அல்லது இலக்கங்களால் எழுதப்பட்ட ஒரு பெயரா? இரண்டு ரயில் எண்களைக் கூட்டினால் வரும் விடைக்குப் பொருள் இல்லை. பத்து அஞ்சல் குறியீடுகளின் சராசரியும் எதையும் சொல்லாது. கூட்டிப் பார்க்க முடியாத ஒன்று, இலக்கங்களால் ஆனது என்பதற்காக எண் ஆகிவிடாது. அது பெயர். பெயரின் முதல் எழுத்தை உதிர்க்க யாருக்கும் உரிமை இல்லை. மாறாக, கையில் இருப்பது உண்மையிலேயே எண் என்றால், அதன் முன்னால் வரும் பூஜ்யங்கள் பார்வைக்கான ஒப்பனை மட்டுமே. அவை திரையிலோ தாளிலோ கோப்புப் பெயரிலோ இருக்கலாம், சேமிப்பில் இருக்கத் தேவையில்லை. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டதால் வந்த கோளாறுகளின் பட்டியல் வியக்கத்தக்க அளவுக்கு நீளமானது.

முதலில், இந்தப் பூஜ்யங்கள் ஏன் தேவைப்படுகின்றன? கணினி எழுத்துச் சரங்களை இடமிருந்து வலமாக, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிறது. அதனால் 1, 2, 10 என்ற மூன்றையும் சரங்களாகக் கொடுத்தால் இப்படி வரும்:

1
10
2

முதல் எழுத்திலேயே 1 என்பது 2-ஐ முந்திவிடுவதால் 10 நடுவில் புகுந்துவிடுகிறது. 01, 02, 10 என்று எழுதிவிட்டால் சரத்தின் வரிசையும் எண்ணின் வரிசையும் ஒன்றாகிவிடும். தேதியை 2024-09-05 என்று எழுதச் சொல்லும் ஐஎஸ்ஓ 8601 தரம் செப்டம்பரை 9 என்று விடாமல் 09 ஆக்குவதற்கு முக்கியப் பலன் இதுவே: தேதி என்றால் என்னவென்றே தெரியாத மென்பொருளும் அந்தக் கோப்புகளைக் கால வரிசையில் அடுக்கிவிடும். வெறும் எழுத்து ஒப்பீட்டை வைத்தே காலத்தை ஒழுங்குபடுத்த முடிகிறது என்பது எனக்கு இன்றும் அழகாகத்தான் படுகிறது.

இந்தத் தேவை திரைகளுக்கும் நிரல்மொழிகளுக்கும் முந்தையது. தரவைத் துளைகளாகப் பதிந்துவைத்த துளை அட்டைகளின் காலத்தில், 80 பத்திகள் கொண்ட அட்டைகளை வரிசைப்படுத்த ஐபிஎம் தனி இயந்திரங்கள் வைத்திருந்தது. அவை ஒரு நேரத்தில் ஒரு பத்தியை மட்டுமே பார்க்கும். ஐந்து இலக்க எண்ணை வரிசைப்படுத்த வேண்டுமென்றால், கடைசி இலக்கத்திலிருந்து தொடங்கி, அட்டைக்கட்டை ஐந்து முறை இயந்திரத்துக்குள் விட வேண்டும். அட்டையில் ஒரு பத்திக்குப் பன்னிரண்டு துளையிடங்கள். இயந்திரத்தில் பதின்மூன்று தட்டுகள். பதின்மூன்றாவது தட்டு, பார்க்கும் பத்தியில் துளையே இல்லாத அட்டைகளுக்கானது. 42 என்பதை 42 என்றே துளையிட்டு முன்பத்திகளைக் காலியாக விட்டால், மூன்றாம் சுற்றில் அந்த அட்டை பூஜ்யத் தட்டில் விழாமல் இந்த ஒதுக்கல் தட்டில் போய் விழும். 00042 என்று துளையிட்டால் எல்லாச் சுற்றிலும் உரிய இடத்தில் விழும்.

இப்படி அட்டைகளை வைத்து வேலை செய்த அலுவலகங்களின் தேவைகளுக்காக 1959-இல் உருவாகத் தொடங்கிய கோபோல் நிரல்மொழியில் இந்தப் பழக்கம் அப்படியே வேரூன்றிவிட்டது. ஐந்து இலக்கப் புலம் என்று அறிவித்தால் அது எப்போதும் ஐந்து இலக்கம்தான். 42-ஐ அதில் வைத்தால் 00042 ஆகத்தான் உட்காரும். அச்சிடும்போது பூஜ்யங்கள் வேண்டாம் என்றால்தான், அவற்றை மறைக்கும்படி தனியாகச் சொல்ல வேண்டும். இன்று நாம் செய்வதற்கு நேர் தலைகீழ். வங்கிகளிலும் அரசுத் துறைகளிலும் இன்றும் புழங்கும் நிலையான அகலக் கோப்புகளில் தொகையும் கணக்கு எண்ணும் பூஜ்யங்களால் நிரப்பப்பட்டு வருவதைப் பார்த்தவர்களுக்கு, அந்த மரபு எவ்வளவு உறுதியானது என்று தெரியும். காசோலையில் ஆறு இலக்கத்தில் 000123 என்று அச்சாகியிருப்பதும் இதே குடும்பம்தான்.

இடமதிப்பு முறையில் மட்டுமே இந்தப் பேச்சுக்கு இடமுண்டு. பழைய தமிழ் எண் முறையில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு. 137 என்பதை ௱௩௰௭ என்று எழுதினார்கள். அங்கே முன்னால் பூஜ்யம் வைக்க வாய்ப்பே இல்லை. தமிழுக்கான பூஜ்யக் குறியான ௦ யூனிகோடில் சேர்ந்தது 2005-இல், 4.1 பதிப்பில்தான். பைத்தான் என்ற நிரல்மொழியில் ‘௦௦௭’ என்ற சரத்தை முழு எண்ணாக மாற்றச் சொன்னால் மறுப்பில்லாமல் 7 என்று தரும். ஆனால் ‘௭’ என்ற சரத்தை மூன்று இலக்கமாக நிரப்பச் சொன்னால் கிடைப்பது ‘00௭’. படிப்பதில் காட்டும் பெருந்தன்மையை மொழி எழுதுவதில் காட்டுவதில்லை.

சி மொழியில் பிரின்ட்எஃப் என்ற செயற்கூறுக்கு (குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டுக்கு) கொடுக்கும் வடிவக் குறியீடு, சதவீதக் குறியில் தொடங்கி ‘05’ என்று தொடர்ந்து ‘டி’ என்ற எழுத்தில் முடியும். 0 என்பது நிரப்பி, 5 என்பது மொத்த அகலம். 42 கொடுத்தால் 00042. பின்னால் வந்த ஜாவா, பிஎச்பி, பைத்தான், கோ என்று பல மொழிகள் இந்தக் குறியீட்டை அப்படியே எடுத்துக்கொண்டன. 05-க்குப் பதில் ‘.5’ என்று புள்ளி வைத்து எழுதினாலும் 42 என்பது 00042 ஆகவே வரும். இரண்டும் ஒன்றுதான் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். குறை எண்ணைக் கொடுத்துப் பார்த்தால் வித்தியாசம் வெளிப்படும். முதல் வடிவத்தில் −42 என்பது −0042 ஆகிறது. 5 என்பது குறியையும் சேர்த்த அகலம். இரண்டாவதில் −00042 ஆகிறது; அங்கே 5 என்பது இலக்கங்களின் எண்ணிக்கை.

இரண்டிலும் கழித்தல் குறி முதலில்தான் நிற்கிறது. ஏனென்றால் பிரின்ட்எஃபுக்குத் தான் கையாள்வது எண் என்று தெரியும். சரத்தை மட்டும் அறிந்த செயற்கூறுகளுக்கு அது தெரியாது. −42-ஐச் சரமாக்கி, ஜாவாஸ்கிரிப்டின் பேட்ஸ்டார்ட், சி ஷார்ப்பின் பேட்லெஃப்ட், பைத்தானின் ஆர்ஜஸ்ட் ஆகியவற்றில் எதனிடம் கொடுத்தாலும் வரும் விடை ஒன்றே:

00-42

அது எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. பைத்தானில் ஸீஃபில் என்ற தனிச் செயற்கூறு இதற்காகவே இருக்கிறது. அது சரத்தைத்தான் வாங்கும். ஆனாலும் முதல் எழுத்து கூட்டல், கழித்தல் குறியா என்று பார்த்து, குறிக்குப் பின்னால்தான் பூஜ்யங்களை நுழைக்கும்.

பைத்தானில் இன்னொரு பள்ளம் உண்டு. அதை நிரலாளர்கள் எல்லோரும் ஒருமுறை தங்கள் கணினியில் செய்து பார்க்க வேண்டும். 42 என்ற எண்ணை ‘05’ என்ற வடிவத்தில் எழுதச் சொன்னால் 00042 வரும். அதே 42 சரமாக இருந்து, வடிவமும் அதே ‘05’ ஆக இருந்தால்? 3.10 பதிப்புக்கு முன்பு பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். அந்தப் பதிப்பிலிருந்து 42000 என்று தருகிறது. சரங்கள் இயல்பாக இடப்பக்கம் ஒட்டி நிற்பவை என்பதால், பூஜ்யங்கள் வலப்பக்கம் போய்விடுகின்றன. விதிப்படி பார்த்தால் சரிதான். ஆனால் ஒரு கிளைக் குறியீடோ உறுப்பினர் எண்ணோ இப்படி ஆயிரம் மடங்கு பெருகி, அடுத்த அமைப்புக்குப் போய்விட்டால் அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நாளாகும்? பிழை காட்டி நின்ற பழைய நடத்தையே மேலானது என்பது என் கருத்து. ஜாவா அந்த வழியைத்தான் பின்பற்றுகிறது: சரத்துக்குப் பூஜ்ய நிரப்பியைக் கேட்டால் பிழை காட்டி நிறுத்திவிடும்.

பிஎச்பியின் நிரப்பும் செயற்கூறில் எந்தப் பக்கம் என்று சொல்லாவிட்டால் வலப்பக்கம்தான் நிரப்பும். அங்கும் 42 எளிதாக 42000 ஆகிவிடும். அந்த மொழியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் ‘00123’ என்ற சரமும் ‘123’ என்ற சரமும் சமம் என்று சொல்லிவிடும். இரண்டுமே எண் போலத் தெரிவதால் எண்ணாக மாற்றி ஒப்பிடுகிறது. பெயர்களை ஒப்பிடும் இடத்தில் மூன்று சமக்குறிதான் போட வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட் இந்த வரலாற்றில் தனி இடம் பிடித்தது, பூஜ்யம் நிரப்பும் வசதியே அதில் வெகுகாலம் இல்லாததால். ஆளுக்கொரு விதமாக எழுதிக்கொண்டிருந்த இந்தச் சிறு வேலையை, லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரல் தொகுப்பு ஒன்று செய்துகொடுத்தது. ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மில் அதை வெளியிட்டவர் அசெர் கோச்சுலு. அவருடைய வேறொரு தொகுப்பின் பெயரான ‘கிக்’ தொடர்பாக, அதே பெயருடைய குறுஞ்செயலி நிறுவனத்துடன் தகராறு வந்தது. களஞ்சியம் நிறுவனத்தின் பக்கம் முடிவெடுத்தபோது, கோச்சுலு தன் தொகுப்புகள் எல்லாவற்றையும், மொத்தம் 273, களஞ்சியத்திலிருந்து விலக்கிக்கொண்டார். 2016 மார்ச் 22 அன்று உலகெங்கும் மென்பொருள் கட்டுமானங்கள் (தேவையான தொகுப்புகளைத் திரட்டி நிரலை இயங்கும் வடிவமாக்கும் வேலைகள்) முறியத் தொடங்கின. பேபல் போன்ற பெரிய கருவிகள், தாங்கள் சார்ந்த தொகுப்புகளின் வழியே இந்த 11 வரிகளையும் சார்ந்திருந்தன. லெஃப்ட்-பேட் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்களின் திட்டங்களும் அன்று நின்றன. சில மணி நேரத்தில் என்பிஎம் அந்தத் தொகுப்பைத் திரும்பக் கொண்டுவந்தது. பிறகு, வெளியிட்டதை இஷ்டம்போல் விலக்க முடியாதபடி விதிகளையும் மாற்றியது.

இந்தச் சம்பவத்தைப் பேசும்போது, ‘11 வரியைச் சொந்தமாக எழுதத் தெரியாதா?’ என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அந்தக் கேள்வி எனக்கு உடன்பாடானது அல்ல. அந்த 11 வரிகளுக்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது: நிரப்பும் எழுத்து தரப்படாமல் இருந்து, அது 0 என்ற எண்ணாகவும் இல்லாவிட்டால் மட்டும் வெற்றிடத்தை எடுத்துக்கொள். ஏன் இந்த இரண்டாம் பகுதி? ஜாவாஸ்கிரிப்டில் 0 என்ற எண், உண்மை–பொய் சோதனையில் ‘பொய்’ என்று கணக்காகும். வெறுமனே ‘நிரப்பி இருக்கிறதா?’ என்று கேட்டால், 0-வால் நிரப்பு என்று நாம் தெளிவாகச் சொல்லியிருந்தும், இல்லை என்றே விடை வந்து வெற்றிடத்தால் நிரப்பிவிடும். பூஜ்யம் நிரப்பவே பெரும்பாலோர் பயன்படுத்தும் செயற்கூறு, பூஜ்யத்துக்கே வேலை செய்யாமல் போயிருக்கும். அவசரமாகச் சொந்தமாக எழுதுகிறவர்கள் தவறுவது இப்படிப்பட்ட இடத்தில்தான். அதனால்தான் இது மொழியின் உள்ளேயே இருக்க வேண்டிய வசதி. 2017-இல் பேட்ஸ்டார்ட் அதிகாரபூர்வமாக மொழியில் சேர்ந்தது. வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழிகளில் ‘இடது’ என்ற சொல் குழப்பும் என்பதால், பெயரில் ‘தொடக்கம்’ என்று வைத்தார்கள்.

இனி அகலத்துக்கு வருவோம். ஐந்து இலக்கம் போதும் என்று முடிவெடுத்த இடத்தில் ஒருநாள் ஆறு இலக்கம் வந்தே தீரும். கேமராக்களின் கோப்புப் பெயரில் நான்கெழுத்துக்குப் பின் நான்கு இலக்கம் என்பது தொழில்துறை தரம். 0001 முதல் 9999 வரை ஓடி, பிறகு எண் மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்பும். நிறையப் படம் எடுப்பவர்களிடம் ஒரே பெயரில் இரண்டு படங்கள் இருப்பது இதனால்தான். நிரல்மொழிகளில், எண் அகலத்தை மீறினால் என்ன நடக்கும் என்பதில் ஒற்றுமையே இல்லை. 12345-ஐ மூன்று இலக்க அகலத்தில் எழுதச் சொல்லிப் பாருங்கள். பிரின்ட்எஃப் வெட்டாமல் 12345 என்றே எழுதும். மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தளங்களில் இடப்பக்கம் நிரப்பும் எல்பேட் செயற்கூறு 123 என்று தரும்; முன்பகுதியை வைத்துக்கொண்டு பின்பகுதியை வெட்டிவிடும். எஸ்க்யூஎல் சர்வரில் எல்பேட் இல்லாததால், பூஜ்யங்களை முன்னால் ஒட்டி வலப்பக்கத்திலிருந்து மூன்று எழுத்தை எடுக்கும் உத்தியைக் காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். அதில் 345 வரும். கோபோலின் மூன்று இலக்கப் புலத்திலும் 345-தான்.

மூன்றில் எது நல்லது? வெட்டாமல் எழுதுவதுதான். 12345 என்று நீண்டு வந்தால் அட்டவணை கோணலாகும், வரிசை குலையும், யாராவது கவனித்துவிடுவார்கள். 123 என்றோ 345 என்றோ வந்தால் பார்வைக்குக் கச்சிதமாக இருக்கும், ஆனால் அது வேறொருவருடைய எண். ஒரு தரவுத்தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் திட்டங்களில் இந்த வேறுபாட்டை முன்கூட்டியே சோதிப்பவர்கள் குறைவு. எல்பேடை அழைக்குமுன் நீளத்தைச் சரிபார்த்து, மீறினால் நிறுத்திவிடுங்கள்.

இதுவரை பேசியது எழுதும்போது வரும் சிக்கல். நிரப்பிய பூஜ்யத்தை இன்னொரு நிரல் திரும்பப் படிக்கும்போது வருவது வேறு வகை. அதன் வேர் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் பி மொழியை உருவாக்கிய பிடிபி-7 கணினியின் சொல்லளவு 18 பிட். அதை மூன்று மூன்றாகப் பிரித்தால் மிச்சமின்றி ஆறு இலக்கம் வரும் என்பதால், எட்டை அடிமானமாகக் கொண்ட எண்கள் (0 முதல் 7 வரையிலான இலக்கங்களால் மட்டுமே எழுதப்படுபவை) அங்கே வசதியாக இருந்தன. 0-வில் தொடங்கும் எண் எட்டடிமான எண் என்று பி மொழியில் வைத்த வழக்கம் சி மொழிக்கு வந்தது; சி மொழியிலிருந்து ஜாவாவுக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் யூனிக்ஸ் கட்டளைச் சூழல்களுக்கும் பரவியது. சி நிரலுக்குள் 010 என்று எழுதினால் அதன் மதிப்பு 8. பள்ளியில் படித்த கணக்கை நம்பி, எண்களை ஒரே அகலத்தில் அழகாக அடுக்க நினைத்து 008, 009, 010 என்று எழுதியவர்களின் மீது இது பாய்கிறது.

இதன் மிகக் குரூரமான வடிவம், யூனிக்ஸ் கட்டளைச் சூழல்களில் ஒன்றான பாஷின் கட்டளை நிரல்களில் இருக்கிறது. தேதி கேட்கும் கட்டளை மாதத்தை 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் தருகிறது. அதை எடுத்து ஒன்றைக் கூட்டி அடுத்த மாதத்தைக் கணக்கிடும் நிரல் ஒன்றை ஜனவரியில் எழுதுகிறீர்கள். எட்டடிமானத்திலும் 01 முதல் 07 வரை மதிப்பு மாறாது. அதனால் ஜனவரி முதல் ஜூலை வரை நிரல் சரியாக ஓடும். சோதனையிலும் தேறியிருக்கும். ஆகஸ்ட் 1 அன்று 08 வரும். எட்டடிமானத்தில் 8 என்ற இலக்கமே கிடையாது. அடிமானத்தை மீறிய மதிப்பு என்று சொல்லி நிரல் நின்றுவிடும். செப்டம்பரிலும் நிற்கும். அக்டோபரில் 10 வந்ததும், யாரும் எதையும் தொடாமலேயே மீண்டும் ஓடத் தொடங்கும். மாதத்துக்குப் பதில் நாளை எடுத்துக் கணக்கிட்டால் ஒவ்வொரு மாதமும் 8, 9 தேதிகளில் மட்டும் நிற்கும். மணியை எடுத்தால் காலை எட்டு முதல் பத்து வரை. இப்படி வந்துபோகும் கோளாறுகளுக்குச் சர்வரையும் வலையமைப்பையும் சந்தேகித்து நாட்களைச் செலவழிப்பவர்கள் உண்டு. தீர்வோ சிறியது: மாறிக்கு முன்னால் ‘10#’ என்று எழுதினால் பத்தின் அடிமானத்தில் படி என்று பாஷுக்குச் சொன்னதாகும்.

மொழிகள் மெல்ல மெல்லத் திருந்தியிருக்கின்றன. பழைய ஜாவாஸ்கிரிப்டில் ‘08’ என்ற சரத்தை எண்ணாக மாற்றினால் சில உலாவிகள் 0 என்று தந்தன; 2009-இல் வந்த அந்த மொழித் தரத்தின் ஐந்தாம் பதிப்பு அதைச் சரிசெய்தது. 2008-இல் வந்த பைத்தான் 3, நிரலுக்குள் 007 என்று எழுதுவதையே இலக்கணப் பிழையாக்கிவிட்டது. எட்டடிமானம் வேண்டுமென்றால் பூஜ்யத்தோடு ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்துத் தெளிவாகக் கேட்க வேண்டும். நிரல்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் ஜேசன் வடிவத்தில் எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் வரவே கூடாது. இருபொருள் தரும் ஒன்றை ஊகித்து ஏற்பதைவிட மறுப்பது மேல் என்ற இந்தப் போக்கு எனக்கு மிகவும் பிடித்தமானது.

ஊகித்து ஏற்பதால் வரும் ஆபத்தை 2021 நன்றாகவே காட்டியது. கணினியைக் குறிக்கும் இணைய முகவரி (ஐபி முகவரி) ஒன்றை 012.0.0.1 என்று எழுதினால் அதன் பொருள் என்ன? பத்தின் அடிமானத்தில் படிக்கும் நிரலுக்கு அது 12.0.0.1, பொது இணையத்தில் உள்ள முகவரி. பழைய யூனிக்ஸ் மரபுப்படி படிக்கும் இயங்குதளத்துக்கு அது 10.0.0.1, நிறுவனத்தின் உள்வலையில் உள்ள முகவரி. உள்வலை முகவரிகளைத் தடுக்கும் காவல் நிரல் முதல் விதமாகப் படித்து அனுமதித்துவிட, இணைப்பை ஏற்படுத்தும் நிரல் இரண்டாம் விதமாகப் படித்து உள்ளே போய்விடும். பைத்தானின் முகவரித் தொகுப்பிலும் கோ மொழியின் நூலகத்திலும் ஜாவாஸ்கிரிப்டின் பிரபலத் தொகுப்பு ஒன்றிலும் இதே குறை அந்த ஆண்டு பாதுகாப்புப் பிழையாகப் பதிவானது. பைத்தானும் கோவும் எடுத்த முடிவு ஒன்றே: முன்னால் பூஜ்யம் உள்ள முகவரியை ஏற்கவே மாட்டோம்.

நிரலாளர் அல்லாதவர்கள் இந்தப் பிரச்சினையைச் சந்திப்பது எக்செலில். கொழும்பின் அஞ்சல் குறியீடுகள் பூஜ்யத்தில் தொடங்குகின்றன. வெள்ளவத்தை கொழும்பு 6. அதன் குறியீடு 00600. பம்பலப்பிட்டி 00400. முகவரிப் பட்டியல் ஒன்றை காற்புள்ளியால் பிரித்த கோப்பாக எக்செலில் திறந்தால் வெள்ளவத்தை 600 ஆகிவிடும். அந்தக் கோப்பு வடிவத்தில் எது எண், எது சரம் என்ற தகவலே கிடையாது. இலக்கமாகத் தெரிவதையெல்லாம் எக்செல் எண் என்று எடுத்துக்கொள்கிறது. திறந்து பார்த்துவிட்டுச் சேமித்தால் போதும், பூஜ்யங்கள் கோப்பிலிருந்தே போய்விடும். அமெரிக்காவில் பாஸ்டனின் 02108 போன்ற வடகிழக்கு மாநிலக் குறியீடுகளுக்கும் இதே கதிதான். 2023-இல்தான் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் அமைப்பை எக்செலில் சேர்த்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் நம்பகமான வழி, கோப்பை நேரடியாகத் திறக்காமல் தரவு இறக்குமதி வழியே கொண்டுவந்து, அந்தப் பத்தியை உரை என்று குறிப்பதே.

1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான இந்தியாவின் அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கு இந்தத் தொல்லை இல்லை. முதல் இலக்கம் 1 முதல் 9 வரைதான். ஆதார் எண்ணும் 0-விலோ 1-இலோ தொடங்குவதில்லை. புதிதாக ஓர் அடையாள எண் முறையை வடிவமைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி இல்லை. முதல் இலக்கத்தில் பூஜ்யத்தை விலக்குவதால் பத்தில் ஒரு பங்கு எண்கள் வீணாகும். அதற்கு ஈடாக, எண்ணாகச் சேமித்தாலும் சரமாகச் சேமித்தாலும் எக்செலில் திறந்தாலும் அடையாளம் சிதையாது. 1001-இலிருந்து உறுப்பினர் எண்ணைத் தொடங்கும் சங்கங்கள் இந்த ஞானத்தை எந்தக் கணினிப் பாடமும் இல்லாமலே கடைப்பிடிக்கின்றன.

ஏற்கெனவே பூஜ்யம் உதிர்ந்த பட்டியல் கையில் இருந்தால் நிரப்பி மீட்க முடியுமா? அகலம் நிலையாக இருந்தால் முடியும். 600-ஐ ஐந்து இலக்கமாக்கினால் 00600 திரும்பிவிடும். கடைகளின் பட்டைக் குறியீடுகளிலும் முடியும்: வட அமெரிக்காவின் 12 இலக்கக் குறியீட்டுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்தால் அதுவே உலகின் 13 இலக்கக் குறியீடு என்று திட்டமிட்டே அமைத்திருக்கிறார்கள். 07-உம் 007-உம் வெவ்வேறு பொருளைக் குறிக்கும் பட்டியலில் முடியாது. இரண்டும் 7 ஆன பிறகு எந்த நிரலும் அவற்றைப் பிரித்துத் தராது.

தொலைபேசி எண், மீட்க முடிந்தவை, முடியாதவை என்ற இந்த இரண்டிலும் சேராது. சென்னைக்கு வெளியூரிலிருந்து அழைக்க 044 என்று தொடங்குகிறோம். அந்த 0 ஊரின் குறியீட்டில் சேர்ந்தது அல்ல. ‘உள்நாட்டு வெளியூர் அழைப்பு’ என்று தொலைபேசி நிலையத்துக்குச் சொல்லும் முன்னொட்டு. வெளிநாட்டிலிருந்து அழைக்கும்போது அது போய்விடும்: +91 44. யாழ்ப்பாணத்தின் 021 அப்படியே +94 21 ஆகிறது. இதைப் பார்த்துவிட்டு, நாட்டுக் குறியீட்டுக்குப் பின் வரும் பூஜ்யத்தை எப்போதும் நீக்கு என்று ஒரு செயற்கூறு எழுதத் தோன்றும். இத்தாலி அதைக் கெடுத்துவிடும். ரோமின் குறியீடு 06. வெளிநாட்டிலிருந்தும் +39 06 என்றுதான் அழைக்க வேண்டும். அங்கே பூஜ்யம் எண்ணின் உறுப்பு. தொலைபேசி எண்களைக் கையாளக் கூகுள் வெளியிட்ட லிப்போன்நம்பர் நூலகம் உள்நாட்டு எண்ணை முழு எண் வகையில் வைத்துக்கொள்கிறது. அப்படி வைத்தால் ரோமின் பூஜ்யம் உதிர்ந்துவிடும் என்பதால், ‘இத்தாலிய முன்பூஜ்யம்’ என்ற பெயரில் தனிப் புலம் ஒன்றையும், அப்படிப்பட்ட பூஜ்யங்கள் எத்தனை என்று எண்ணிவைக்க இன்னொரு புலத்தையும் அதில் சேர்த்திருக்கிறார்கள்.